டீம் ஒர்க் என்று சுவரில் எழுதிவிட்டு...

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம்கூட வரலாம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடர். அவனுக்குக் கீழே எட்டுப் பேர். முகமே சரியில்லை. காபி ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்.

"சார், அப்ரைசல்ல எட்டுப் பேர்ல ஒருத்தரைக் கட்டாயம் கடைசியில போட்டாகணும். மத்தவங்க எங்கயாவது மாட்டிக்கிட்டா ராத்திரி உட்கார்ந்து சரி பண்ணிக் கொடுப்பாரு ஒருத்தர். அவரைத்தான் போட்டேன். அவர் பேர்ல முடிஞ்ச வேலை கம்மி, அதான்."

அடுத்த வாரம் அதே நிறுவனம் அவர்களை ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப்போய், கயிறு இழுக்கவிட்டு, ஒற்றுமையைப் பற்றி வகுப்பும் எடுத்ததாம். அந்த மனிதர் மட்டும் வரவில்லையாம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியவில்லை, கூடி வேலை செய்யத் தெரியவில்லை என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எதற்குச் சம்பளம் உயர்கிறதோ அதைச் செய்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் இடம் போய்விடும் என்று தெரிந்தபிறகு யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

நான் கணக்கு வாத்தியார். அதனால் கணக்கையே பேசுகிறேன். 'பெல் கர்வ்' என்கிறார்களே, அது பிளஸ் டூவில் நாம் படித்த இயல்நிலைப் பரவல்தான். ஆயிரக்கணக்கானவர்களின் உயரத்தை அளந்தால் ஏறக்குறைய அந்த வடிவம் வரும். தேர்வும் நேர்காணலும் வைத்துப் பொறுக்கி எடுத்த எட்டுப் பேருக்கும் அது வந்தே தீரும் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லவில்லை. எட்டுப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவர் தோற்றே ஆகவேண்டும் என்றால், அதற்குப் பெயர் அளவீடு இல்லை. சீட்டுக் குலுக்கல்.

இதைப் பெரிதாகப் பரப்பியவர் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச். மேலே 20 சதவீதம், நடுவில் 70, கடைசி 10 சதவீதத்தினருக்கு வாசல் கதவு. உலகமே அதைக் காப்பி அடித்தது. மைக்ரோசாஃப்ட்டிலும் இதே மாதிரி ஒரு முறை இருந்தது. அங்கே வேலை பார்த்தவர்களிடம் 2012-ல் ஒரு பத்திரிகையாளர் விசாரித்தபோது, எங்களைக் கெடுத்தது இதுதான் என்று அத்தனை பேரும் கைகாட்டினார்கள். 2013 நவம்பரில் அந்த நிறுவனமே அதைக் கைவிட்டது. அவர்கள் தூக்கிப் போட்டதை இங்கே இன்னும் சிலர் பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள்.

"போட்டி இல்லாவிட்டால் சோம்பேறிகள் பெருகிவிடுவார்களே சார்?" என்று கேட்பீர்கள். வேலை செய்யாதவனைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். திருந்தாவிட்டால் அனுப்புங்கள். அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல், உழைக்கிற எட்டுப் பேரில் வருஷத்துக்கு ஒருவரைப் பலி கேட்பது என்ன நியாயம்?

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். சக்கரத்தின் அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர் படத்தில் விழமாட்டார். இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்தபிறகும், வீதி முனையில் தேர் திரும்புவது அவர் கையில்தான். எத்தனை அடி இழுத்தாய் என்று மட்டும் கணக்கெடுத்தால் அவருக்குக் கிடைப்பது பூஜ்யம். என் மாணவன் கடைசியில் போட்ட மனிதரும் அப்படித்தான்.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. உங்களை மார்க் வரிசைப்படி பெஞ்சில் உட்கார வைத்தவன் நான்தான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் மதிய இடைவேளையில் பின்பெஞ்சுக்காரர்களுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பான். ஒருமுறை இரண்டாம் ரேங்குக்கு வந்தான். "ஊருக்கு உபதேசம் பண்ணினால் இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மறுநாளிலிருந்து அவன் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்பெஞ்சில் இரண்டு பேர் அந்த வருஷம் கணக்கில் ஃபெயில். அவர்களில் ஒருவன் இதைப் படிப்பான். தம்பி, அந்தத் தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

2017-ல் தமிழக அரசே பொதுத்தேர்வு முடிவுகளில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதை ஆபீஸ் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

உங்களில் பலர் இன்று மேனேஜர்கள். அப்ரைசல் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: "இந்த வருஷம் உனக்கு யார் உதவினார்?" எட்டுப் பேரும் ஒரே பெயரை எழுதினால், அந்தப் பெயர் கடைசியில் போகக்கூடாது. மேலிடம் கட்டாயப்படுத்தினால், என் குழுவில் கடைசி ஆள் இல்லை என்று ஒருமுறையாவது எழுத்தில் கொடுங்கள். உறவினர்களே, வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளையிடம் என்ன ரேங்க் என்று கேட்பதை நிறுத்துங்கள். இன்று யாருக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்று கேளுங்கள்.

வந்தவனிடமும் ஒன்று சொல்லி அனுப்பினேன். "அந்த மனிதர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லிவிட்டு வா." போனானா என்று இன்னும் தெரியவில்லை. போ தம்பி. நானும் இங்கே அதைத்தான் செய்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.