பருவத்துக்கு மட்டும் தேவைப்படும் தோள்கள்

ஏப்ரல் மாதம் பிறந்துவிட்டால் வடக்கு பிகாரிலிருந்து பஞ்சாப் நோக்கிச் செல்லும் ரயில்களில் கால் வைக்கவும் இடம் இருப்பதில்லை. 2006-ம் ஆண்டு அக்டோபரில் நாட்டின் முதல் கரீப் ரத் ரயில் சகர்சாவுக்கும் அமிர்தசரசுக்கும் இடையே விடப்பட்டது. இந்த வழித்தடத்தில் பிழைப்புத் தேடிச் செல்வோரின் கூட்டம் எத்தகையது என்பதற்கு அதுவே சான்று. அவர்களில் பலருக்குக் கையில் நியமனக் கடிதம் இல்லை. போய்ச் சேரும் ஊரின் பெயரும், அழைத்துச் செல்லும் மேஸ்திரியின் கைப்பேசி எண்ணும்தான் உண்டு.

பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் கோதுமை அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனால், மண்டியில் குவியும் கோதுமையைச் சலித்து, கோணிப்பையில் நிரப்பி, எடை போட்டு, தைத்து, லாரியில் ஏற்றி, கிடங்கில் இறக்கி அட்டி அடுக்குவதற்கு இன்றும் மனிதத் தோள்களே தேவைப்படுகின்றன. இந்தப் பணி பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி, ஒன்றரை அல்லது இரண்டு மாதங்களில் முடிந்துவிடுகிறது.

2025-ம் ஆண்டு கொள்முதல் பருவத்தில் மத்திய தொகுப்புக்கு வாங்கப்பட்ட கோதுமை ஏறத்தாழ 3 கோடி டன். குவிண்டாலுக்கு ரூ. 2,425 என்ற குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி நாடு முழுவதும் விவாதம் நடந்தது. 50 கிலோ மூட்டைகளாகக் கணக்கிட்டால், அந்த 3 கோடி டன் 60 கோடி மூட்டைகள் ஆகும். ஒவ்வொரு மூட்டையும் மண்டியிலிருந்து கிடங்கு வரை பல கைகள் மாறுகிறது. அந்தக் கைகளைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை.

இதற்கு நாடாளுமன்றத்தின் கால அட்டவணையும் ஒரு காரணம் என்று கூறலாம். 2025-ம் ஆண்டு பட்ஜெட் கூட்டத்தொடர் ஏப்ரல் 4-ம் தேதி முடிந்தது. மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21-ம் தேதி தொடங்கியது. கொள்முதல் பருவம் ஏறத்தாழ முழுவதுமாக இவ்விரு தேதிகளுக்கும் இடையே அடங்கிவிடுகிறது. சுமை தூக்குபவர் வெயிலில் நிற்கும்போது அவை நடைபெறுவதில்லை. அவை கூடும்போது அவர் ஊர் திரும்பியிருப்பார் அல்லது நெல் நடவுக்குப் போயிருப்பார். எத்தனை லட்சம் டன் வாங்கப்பட்டது என்பதற்கு அமைச்சரிடமிருந்து பதில் கிடைக்கும். எத்தனை பேர் அதைச் சுமந்தனர் என்ற கேள்வி எழுவதே அபூர்வம்.

ஆனால், கேள்வி எழாதது மட்டுமே குறை அல்ல. சட்டங்களே இவர்களைக் கணக்கில் எடுக்காத வகையில் எழுதப்பட்டிருப்பதுதான் அடிப்படைக் குறை.

முதலாவது, வேலை தேடும் நிலை. காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று 1959-ம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. மூன்று மாதங்களுக்குக் குறைவான வேலைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதனிடத்தில் வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 90 நாள்களுக்குக் குறைவான வேலைகளை விலக்கியே வைத்திருக்கிறது. எனவே, ஒரு பருவம் மட்டும் நீடிக்கும் கிடங்கு வேலை எங்கே இருக்கிறது, கூலி எவ்வளவு என்பதைச் சொல்லும் பொறுப்பு எந்த அரசு அலுவலகத்துக்கும் இல்லை. அந்த இடத்தை மேஸ்திரி நிரப்புகிறார். முன்பணம் கொடுப்பவரும் அவர். மூட்டைக் கணக்கு எழுதுபவரும் அவர். கூலியில் பிடித்தம் செய்பவரும் அவரே.

இரண்டாவது, பயணம். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979-ம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் செல்பவர்களுக்கு இடப்பெயர்வுப் படியும் பயணப்படியும் வழங்க வகை செய்தது. நடைமுறையில் அவை எத்தனை பேருக்குக் கிடைத்தன என்பது வேறு விஷயம். சட்டத்திலாவது இடம் இருந்தது. 2025-ம் ஆண்டு நவம்பர் 21-ம் தேதி நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் இடப்பெயர்வுப் படி கைவிடப்பட்டது. பயணப்படி உண்டு. ஆனால், அதைப் பெற ஒரே நிறுவனத்தில் முந்தைய 12 மாதங்களில் 180 நாள்களாவது பணியாற்றியிருக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு நவம்பரில் வெளியான வரைவு விதிகள் கூறின. 45 நாள் வேலைக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்பவருக்கு 180 நாள் நிபந்தனை விதிப்பது, கொடுப்பதுபோல் காட்டி மறுப்பதே ஆகும்.

மூன்றாவது, ஒப்பந்தக்காரரின் பொறுப்பு. முன்பு 20 பேரை வைத்து வேலை வாங்கும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். இப்போது அந்த வரம்பு 50 ஆக உயர்த்தப்பட்டுள்ளது. மண்டிகளில் தரகு வணிகர்கள் சிறு சிறு குழுக்களாகவே ஆள் அமர்த்துகின்றனர். அத்தகைய குழுக்கள் பலவும் இதனால் சட்டத்தின் பார்வைக்கு வெளியே போய்விடுகின்றன.

புதிய சட்டத் தொகுப்பில் நன்மையே இல்லை என்று கூறிவிட முடியாது. ஒப்பந்தக்காரர் இல்லாமல் தாமாகவே வேறு மாநிலத்துக்கு வேலை தேடிச் செல்பவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறார். இது வரவேற்கத்தக்கது. ஆனால், 2020-ம் ஆண்டு செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் இந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. நாள் வரம்புகள் பருவகாலத் தொழிலாளியை எப்படிப் பாதிக்கும் என்று விவாதிக்க வேண்டிய இடத்தில் விவாதம் நடக்கவில்லை.

அரசு நிறுவனங்களும் இதில் விலகி நிற்க முடியாது. இந்திய உணவுக் கழகம் 1965-ம் ஆண்டு ஜனவரியில் தஞ்சாவூரில் தன் பணியைத் தொடங்கியது. அதைச் சீரமைப்பது பற்றி ஆராய 2014-ம் ஆண்டு அமைக்கப்பட்ட சாந்தகுமார் குழு 2015-ம் ஆண்டு ஜனவரியில் அறிக்கை அளித்தது. கழகத்தின் நிரந்தரச் சுமைத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ ரூ. 79,500 செலவாகிறது, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஏறத்தாழ ரூ. 10,000 மட்டுமே செலவாகிறது என்று அக்குழு சுட்டிக்காட்டியது. முதல் தொகை அதிகம் என்பது பெரிதாகப் பேசப்பட்டது. அதே மூட்டையை அதே உயரத்துக்கு ஏற்றுபவருக்கு எட்டில் ஒரு பங்கே செலவிடப்படுகிறதே என்று கேட்டவர்கள் குறைவு.

மூட்டையின் எடையையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் பரிந்துரை. 50 கிலோ மூட்டை அந்த வரம்புக்குள் இருக்கிறது. ஆனால், ஒரு நாளில் எத்தனை மூட்டைகள், எத்தனை டிகிரி வெப்பத்தில் என்பதற்கு வரம்பு எங்கே? 2024-ம் ஆண்டு மே 28-ம் தேதி ஹரியாணாவின் சிர்சாவில் வெப்பம் 50.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சிர்சா கோதுமை விளையும் மாவட்டம். மூட்டைக் கணக்கில் கூலி பெறுபவர் நிழலில் அமர்ந்தால் அன்றைய வருமானம் குறையும்.

தானியக் கிடங்குகளோடு இது முடிவதும் இல்லை. மானேசரில் இணைய வணிக நிறுவனம் ஒன்றின் கிடங்கில், சரக்கு இறக்கி முடியும் வரை தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் மாட்டோம் என்று தொழிலாளர்களிடம் உறுதிமொழி வாங்கப்பட்டதாக 2024-ம் ஆண்டு கோடையில் செய்தி வெளியானது. தேசிய மனித உரிமை ஆணையம் தாமாகவே முன்வந்து மத்திய தொழிலாளர் துறைக்கு நோட்டீஸ் அனுப்பியது. பழைய கிடங்கோ புதிய கிடங்கோ, நிரந்தரமற்ற தொழிலாளியின் நிலை ஒன்றே.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ம் ஆண்டுச் சட்டம், ஓராண்டில் 90 நாள் கட்டுமான வேலை செய்தவரை நல நிதியின் பயனாளியாக ஏற்றது. அந்த 90 நாளும் ஒரே முதலாளியிடம் கழிய வேண்டும் என்று அது நிபந்தனை விதிக்கவில்லை. மகாராஷ்டிரத்தில் மாத்தாடித் தொழிலாளர்களுக்கான 1969-ம் ஆண்டுச் சட்டம், சுமை தூக்குவோரை வாரியத்தில் பதிவு செய்து, வாரியம் வழியாகவே கூலியையும் வருங்கால வைப்பு நிதியையும் வழங்க வழி வகுத்தது. தமிழகத்திலும் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென 1982-ம் ஆண்டு சட்டம் வந்தது. ஆயினும் இவை மாநில எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. பிகாரில் பதிவு, பஞ்சாபில் வேலை என்றால் பாதுகாப்பு எங்கே என்பதே கேள்வி.

பஞ்சாபில் 2021-ம் ஆண்டு முதல் விவசாயிக்குரிய தொகை தரகு வணிகரிடம் செல்லாமல் நேரடியாக வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. முடியவே முடியாது என்று கூறப்பட்ட மாற்றம் அது. ஒரே பருவத்தில் நடந்தது. விளைவித்தவருக்குச் செய்ய முடிந்ததைச் சுமந்தவருக்கும் செய்ய முடியும். இ-ஷ்ரம் தளம் 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, கோடிக்கணக்கானோர் பதிவு செய்துள்ளனர். கொள்முதல் முகமைகள் பருவம் தொடங்கும் முன்பே எந்த மண்டியில், எந்தக் கிடங்கில் எத்தனை பேர் தேவை, மூட்டைக்கு என்ன கூலி என்று அதன் வழியே அறிவிக்கலாம். ஒவ்வொரு நாள் வேலையும், எந்த முதலாளியிடம் செய்திருந்தாலும், அதே எண்ணில் பதிவாக வேண்டும். பயணப்படிக்கான தகுதி நாள்களால் அல்ல, பருவத்தால் கணக்கிடப்பட வேண்டும்.

நாட்டில் ஏறத்தாழ 80 கோடி மக்களுக்கு இலவச தானியம் வழங்கப்படுகிறது என்று ஆட்சியாளர்கள் பெருமையுடன் கூறுகின்றனர். பெருமைக்குரிய செயல்தான். அந்த தானியத்தில் ஒரு மூட்டைகூடத் தானாக நடந்து கிடங்குக்குள் போகவில்லை. கிடங்கில் உள்ள மூட்டைகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் அரசு, அவற்றைச் சுமந்தவர்களுக்கும் ஒரு பதிவேட்டைத் திறக்க வேண்டும்.