ஒத்து ஊதுதல்

சங்கீதச் சொற்களைத் தமிழன் புரிந்துகொண்டிருக்கிற விதம் வேடிக்கையானது. யாராவது அழுது புலம்பினால் 'முகாரி பாடுகிறான்' என்பான். தியாகராஜர் (1767–1847) சபரியின் பாக்கியத்தை வியந்து பாடியதும் அதே முகாரியில்தான். குடித்துவிட்டு வருகிறவன் 'சுதி ஏற்றிக்கொண்டான்'. ஊரோடு ஒட்டாமல் தன்போக்கில் போகிறவன் 'தனி ஆவர்த்தனம்' வாசிக்கிறான். மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லி, கணக்குப் பிசகாமல் பாட்டின் எடுப்பில் வந்து சேரவேண்டிய காரியத்துக்கு அந்தப் பெயர் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் அவன் கேண்டீனில் இருக்கிறான்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் வசைக்கென்று நாம் எடுத்துக்கொண்ட சொற்களை மட்டும் தனியே அடுக்கிப் பாருங்கள்: ஜால்ரா, தாளம் போடுதல், பக்கவாத்தியம், ஒத்து ஊதுதல். பாட்டைத் தாங்குகிறவர்கள் அத்தனை பேரும் நம் பாஷையில் அடிவருடிகள்.

ஒத்து என்பது நாயனத்தைப் போன்ற குழல். ஸ்வரம் பிடிக்க விரல் துளைகள் கிடையாது. ஆதார ஷட்ஜத்தை மூச்சு அறாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். நாயனக்காரர் ராகத்தில் எங்கே சஞ்சரித்தாலும் ஒத்துக்காரர் பின்னால் போவதில்லை. நாயனக்காரர்தான் அவரிடம் திரும்பி வந்தாக வேண்டும். ஸ்வரம் அரை இழை பிசகினாலும் காட்டிக்கொடுப்பது அந்த அசையாத ஒலிதான். ஜால்ராவும் அப்படியே; காலப்பிரமாணம் ஓடினால் முதலில் அம்பலப்படுத்துவது அது. சபையில் பெரியவரோடு சேர்ந்து நகராதவனை 'ஆமாம்சாமி' என்று அர்த்தப்படுத்திக்கொண்ட சமூகம் இது. முன்னால் உட்கார்ந்திருக்கிறவனை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்?

நம் இலக்கியச் சூழலுக்கு வருவோம். முன்னுரை, மதிப்புரை, பாராட்டுக் கூட்டம் என்று ஆசிரியர் போகிற பக்கமெல்லாம் கமகம் சேர்த்துக்கொண்டு ஓடுகிறார் ஒரு விமர்சகர். போன வருஷம் யதார்த்தம் பேசினார், இந்த வருஷம் மாய யதார்த்தம் பேசுகிறார். அவரைப் பிடிக்காதவர்கள் 'ஒத்து ஊதுகிறார்' என்று எழுதுகிறார்கள். அவர் செய்யாத ஒரே காரியம் அதுதான். அவரிடம் ஷட்ஜமே கிடையாது. அவரைத் திட்டுகிறவர்களிடமும் கிடையாது. நண்பரின் புத்தகத்துக்கு ஒரு சுருதி, எதிரியின் புத்தகத்துக்கு இன்னொன்று.

சுருதிப்பெட்டி வந்தபிறகு நாயனக் கோஷ்டிகளில் ஒத்து அருகிவிட்டது. அங்கே ஈடுசெய்ய ஒரு பெட்டியாவது இருக்கிறது. விமர்சனத்துக்கு அப்படியொன்று கிடையாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, வசவையும் கேட்டுக்கொண்டு, மூச்சு அறாமல் ஊதத்தான் வேண்டும்.