கப்பல் உடைந்ததா?

1912 ஏப்ரல் 15 அதிகாலை டைட்டானிக் மூழ்கியதை நேரில் கண்டு உயிர் பிழைத்தவர்கள் பல நூறு பேர். அவர்களில் சிலர் கப்பல் இரண்டாக உடைந்தது என்றனர். வேறு சிலர் அது முழுமையாகவே அமிழ்ந்தது என்றனர்.

உடையவில்லை என்றவர்கள் எளிதில் ஒதுக்கக் கூடியவர்கள் அல்லர். பிழைத்த அதிகாரிகளுள் மூத்தவரான லைட்டோலர் அப்படித்தான் சொன்னார். இரண்டாம் வகுப்பில் பயணம் செய்த அறிவியல் ஆசிரியர் லாரன்ஸ் பீஸ்லியும் அதே ஆண்டில் வெளியிட்ட நூலில் அவ்வாறே எழுதினார். இவர்கள் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. அது நிலவில்லாத இரவு. கடைசியில் கப்பலின் விளக்குகளும் அணைந்துவிட்டன. உடைந்ததைப் பார்த்ததாகச் சொன்னவர்களோ சில மாலுமிகள், ஜாக் தேயர் என்னும் பதினேழு வயது இளைஞர், ஏழு வயதுச் சிறுமி ஈவா ஹார்ட் போன்றோர். அமெரிக்க செனட் குழு, முரண்பட்ட கூற்றுகள் பல இருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் சாட்சியங்களின் எடையைப் பார்த்து, கப்பல் உடையாமல் மூழ்கியது என்றே முடிவு கட்டியது.

1985இல் ராபர்ட் பல்லார்டும் பிரெஞ்சு ஆய்வாளர்களும் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கப்பலைக் கண்டனர். அதன் முன்பகுதியும் பின்பகுதியும் சுமார் 600 மீட்டர் இடைவெளியில் தனித்தனியே கிடந்தன.

தீர்ப்பு பிழையாயிற்று, ஆனால் தீர்ப்பில் தோற்ற சாட்சியங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. ஆவணக் காப்பகத்தின் மெய்யான பயன் இதுவே என்பது என் எண்ணம். ஒரு காலத்தின் அதிகாரம் ஏற்க மறுத்த குரலையும் அது சேர்த்து வைக்கிறது.

கேட்கவே படாத குரலை எந்தக் காப்பகமும் மீட்டுத் தராது. மெர்சி பிரபு தலைமையிலான பிரிட்டிஷ் விசாரணை, மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூட அழைக்கவில்லை. அழைக்காமலேயே, அவர்களுக்கு அநீதி ஏதும் நிகழவில்லை என்று அறிவித்தது. அதே அறிக்கையின் கணக்குப்படி, முதல் வகுப்பில் 325 பேரில் 203 பேர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178 பேர். அமெரிக்க விசாரணை அவ்வகுப்பிலிருந்து மூவரை அழைத்தது. அவர்களுள் ஒருவரான டேனியல் பக்லி, மேல்தளத்துக்குச் செல்லும் வாயிலை மாலுமி ஒருவர் பூட்டியதையும் பயணி ஒருவர் அதை உடைத்துத் திறந்ததையும் சொன்னார். அந்த ஒரு காட்சி நமக்குக் கிடைத்திருப்பதற்குக் காரணம், அவரை யாரோ அழைத்துக் கேட்டார்கள் என்பதுதான். மற்ற வாயில்களின் அருகே என்ன நடந்தது என்று கேட்டு எழுதியிருக்க வேண்டிய பக்கங்கள் எழுதப்படவேயில்லை.

பிழைத்தவர்களின் கூற்றுகளை நாம் பெரும்பாலும் உருக்கத்துக்காகவே வாசிக்கிறோம். அது போதாது. சான்று சொன்னவர் யார், அவர் எங்கிருந்து பார்த்தார், யாருடைய சொல் ஏற்கப்பட்டது, யார் அழைக்கப்படவேயில்லை என்று கேட்டபடி வாசிக்க வேண்டும். நாவலில் கதைசொல்லியைச் சந்தேகிக்கப் பழகிய இலக்கிய வாசகருக்கு இது புதிய பயிற்சி அன்று. அதே கண்ணோடு விசாரணை அறிக்கைகளையும் அவர் அணுகலாம்.