தியான்ஜின் கைகுலுக்கலும் தேவதானப்பட்டி வாழையும்

கடந்த 2025 ஆகஸ்ட் 31 அன்று தியான்ஜின் நகரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்துப் பேசினர். 2020 கல்வான் மோதலுக்குப் பின் உறைந்துகிடந்த உறவு, 2024 அக்டோபரில் எட்டப்பட்ட எல்லை ரோந்து உடன்பாட்டால் இளகத் தொடங்கியது. கைலாஷ் யாத்திரையும் நேரடி விமான சேவையும் மீண்டும் தொடங்கியிருப்பது அதன் பலன். வரவேற்போம். ஆனால், இந்த இணக்கத்தின் உறுதியை அளக்க, டெல்லியைவிடத் தேவதானப்பட்டியே பொருத்தமான இடம்.

மஞ்சளாறு அணையை ஒட்டிய இவ்வூர் முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை, வாழைக்கும் திராட்சைக்கும் சொட்டுநீர்ப் பாசனம் பரவியுள்ளது. அக்குழாய்களில் செலுத்தத் தேவை, நீரில் முழுமையாகக் கரையும் உரம். இந்தியா இறக்குமதி செய்யும் இத்தகைய சிறப்பு உரங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் சீனாவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 2025-ன் நடுப்பகுதியில், முறையான தடை எதையும் அறிவிக்காமலேயே, ஏற்றுமதிக்கு முந்தைய ஆய்வைச் சீனா நிறுத்திவைத்ததாக உரத் துறையினர் முறையிட்டனர். ஆகஸ்ட்டில் டெல்லி வந்த சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி, இந்தியாவின் உரத் தேவையைக் கவனிப்பதாக உறுதியளித்தார் என்று இந்தியத் தரப்பில் கூறப்பட்டது.

டிஏபி விலை ஏறினால் அரசின் மானியம் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். சிறப்பு உரங்களுக்குப் பெரும்பாலும் மானியம் இல்லை; விலையேற்றம் நேராக விவசாயியின் தலையில் விழுகிறது. குலை தள்ளும் பருவத்தில் தவறிய உரத்தை, அடுத்த மாதம் கப்பல் வந்த பின் இட்டுப் பயனில்லை.

சீனாவை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. உள்நாட்டு விலையைக் காக்க, 2023-ல் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்கு நாமும் தடை விதித்தோம். எந்த நாடும் முதலில் தன் சந்தையையே காக்கும். எனவே, நட்பை நம்பி அல்ல, எழுத்தில் உள்ள கடப்பாட்டை நம்பியே வர்த்தகம் நடக்க வேண்டும். 2024-25-ல் சீனாவுடனான நமது வர்த்தகப் பற்றாக்குறை 99 பில்லியன் டாலரைத் தாண்டியது. இவ்வளவு பெரிய சந்தையை வழங்கும் வாடிக்கையாளருக்குப் பேரம் பேசும் உரிமை உண்டு.

செய்ய வேண்டியவை மூன்று. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதாயின், ஒரு சாகுபடிப் பருவத்துக்கு முன்பே அறிவிக்கும் கடப்பாட்டைச் சீனாவிடம் எழுத்தில் பெற வேண்டும். டிஏபிக்காக 2025-ல் சவுதி அரேபிய நிறுவனத்துடன் செய்துகொண்டதைப் போன்ற நீண்டகால ஒப்பந்தங்களை, நீரில் கரையும் உரங்களுக்கும் வேறு நாடுகளுடன் காண வேண்டும். உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கம் அளிக்க வேண்டும்.

தலைவர்கள் மீண்டும் கைகுலுக்குவார்கள், கூட்டறிக்கைகளும் வரும். பருவம் தவறாமல் உரமூட்டை வந்து சேர்கிறதா என்பதைக் கொண்டே தேவதானப்பட்டி விவசாயி அவற்றை மதிப்பிடுவார். அரசின் அளவுகோலும் அதுவாகவே இருக்கட்டும்.