கார்பன் போர்வை: அழகு வேறு, பலம் வேறு

தஞ்சாவூரில் கல்லூரி மாணவர்கள் பைக் நிறுத்துகிற இடத்தைக் கொஞ்சம் பாருங்கள். கறுப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கரோடு ஒரு வண்டியாவது நிற்கும். கேட்டால் "கார்பன் ஃபைபர் மாப்ள, வெயிட் குறையும்" என்பார்கள். அது வெறும் வினைல் ஸ்டிக்கர். கார்பன் இழை ஒன்றுகூட அதில் கிடையாது.

சரி, அவர்களை விடுங்கள். நிஜமான கார்பன் துணி வாங்கிப் போர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு எபாக்ஸி ஒரு பூச்சு பூசி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே நெசவு கோணாமல் துணியைப் படிய வைக்கிறார்கள். மேலே தெளிந்த எபாக்ஸி இரண்டு மூன்று தடவை, நடுநடுவே தேய்ப்பு. எபாக்ஸி வெயிலில் மஞ்சளாகிவிடும் என்பதால் கடைசியில் கிளியர் கோட். பொறுமையான, நல்ல கைவேலை. ஆனால் இதனால் எடை குறையும், பலம் கூடும் என்று சொல்வதுதான் புளுகு.

கணக்குப் போடுவோம். வழக்கமான துணி சதுர மீட்டருக்கு 200 கிராம். கால் சதுர மீட்டர் போர்த்தினால் துணி 50 கிராம், அதோடு எபாக்ஸி எடை. பழைய பாகமோ அப்படியே உள்ளே இருக்கிறது. எடை எப்படிக் குறையும்? கூடத்தான் செய்யும்!

பாகத்தையே கார்பனில் செய்தால் கதை வேறு. சுமை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் இழைகளை அடுக்கி, அச்சில் வைத்து, மிச்ச ரெசினை வெற்றிடத்தால் இழுத்து எடுக்க வேண்டும். போலியோ குழந்தைகள் மாட்டிய 3 கிலோ காலிப்பருக்குப் பதிலாக ஏவுகணைத் தொழில்நுட்பத்தில் பிறந்த இலேசான பொருளால் 300 கிராமில் செய்து கொடுத்ததை அப்துல் கலாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பழைய காலிப்பர் மேல் துணி சுற்றியா செய்தார்கள்?

எடையைப் பற்றிய புளுகால் யாருக்கும் நஷ்டமில்லை. பலத்தைப் பற்றிய புளுகு உயிரோடு விளையாடுவது. விரிசல் விட்ட பிரேக் லீவர் மேல் ஒரு சுற்று போர்த்திவிட்டு "ஸ்ட்ராங் ஆயிடுச்சு" என்கிறார்கள். விரிசல் மறையாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். இன்னொன்று: கார்பன் மின்சாரம் கடத்தும். நடுவே எபாக்ஸியோ கண்ணாடி இழைத் துணியோ முழுசாக மறைக்காமல் அலுமினியத்தின் மேல் பட்டால், ஐப்பசி மழை ஈரத்தில் அலுமினியம் அரிக்க ஆரம்பிக்கும். அந்த அரிப்பையும் போர்வை மறைத்துவிடும்.

அப்படியானால் மேலே போர்த்துவதே ஏமாற்றா? இல்லை. அதற்குத் தஞ்சாவூர்த் தட்டே சாட்சி. அடித்தட்டு செய்ய ஒருவர், வெள்ளித் தகட்டில் உருவம் எழுப்ப ஒருவர், அதைப் பதிக்க ஒருவர் என்று மூன்று கைகள் சேர்ந்த வேலை அது. அடியில் பித்தளை, மேலே வெள்ளி என்று பார்த்தாலே தெரியும். முழு வெள்ளி என்று சொல்லி விற்பதில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கும் அப்படியே. மரப்பலகையைத் தங்கப்பலகை என்று யாரும் சொன்னதில்லை.

புவிசார் குறியீடு வாங்கிய இந்தக் கலைகள் பிறந்த ஊரில், அலங்காரத்தை அலங்காரம் என்று சொல்ல எதற்கு வெட்கம்? மட்கார்டுக்குப் போர்த்துங்கள், டேங்க் மூடிக்குப் போர்த்துங்கள், அழகாகவே இருக்கும். விரிசல் விட்ட லீவரை மட்டும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள்.