நகரத்துச் சமாச்சாரமா?

தன்பாலினத் திருமண வழக்கில் 2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் ஒரு மனு போட்டது. இதெல்லாம் நகரத்து மேட்டுக்குடிகளின் கருத்து என்றது அந்த மனு. அக்டோபர் 17 தீர்ப்பில் தலைமை நீதிபதி சந்திரசூட் அதை மறுத்தார். பெருநகரத்தில் ஆங்கிலம் பேசும் உத்தியோகஸ்தர் மட்டுமல்ல, கிராமத்தில் வயல்வேலை செய்யும் பெண்ணும் பால்புதுமையராக (குயர்) இருக்கலாம் என்று எழுதினார். திருமண உரிமையை மட்டும் ஐந்து நீதிபதிகளுமே தரவில்லை.

அந்தப் பெண்ணைத் தஞ்சைப் பக்கம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரத்தநாட்டிலோ திருவையாற்றிலோ நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டு சேற்றில் நிற்பாள். அவள் மனசு யாரிடம் என்பது பக்கத்தில் நடுகிறவளுக்குத் தெரிந்திருக்கலாம், வீட்டுக்குத் தெரியாது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, கணக்கில் பணம் ஏறியதும் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6இல் தளர்த்தியது. தை மாதத்தை யார் தளர்த்துவது?

இந்தப் பெண்களைப் பற்றி ஏற்கனவே ஒரு படம் இருக்கிறது. மாலினி ஜீவரத்தினம் இயக்கி, பா. ரஞ்சித் தயாரித்த 'லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்' 2017இல் வந்தது. பெண்ணை நேசிக்கும் பெண்கள் தற்கொலைக்குத் தள்ளப்படுவதைப் பேசும் ஆவணப்படம். மாலினி வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் அல்லர். தானும் அவர்களில் ஒருத்தி என்று பொதுவில் சொன்னவர். உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பால் மீண்டும் உயிர்பெற்ற 377 அப்போது அமலில் இருந்தது.

அதன்பின் சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த, காதலர்களான இரு பெண்கள் குறித்து 'பெண் காணவில்லை' என்று இரண்டு வழக்குகள் பதிவாயின. அவர்கள் மனுவை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின உறவு தமக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் பாடம் கேட்டார். 2021 ஜூனில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை போட்டார். (புரியவில்லை என்று சொல்லும் துணிச்சல் நம் பட்டிமன்றப் பேச்சாளர்களுக்கு என்றைக்கு வருமோ!) அடுத்த ஆண்டே இவர்களைக் குறிக்கும் சொற்பட்டியல் தமிழக அரசிதழில் வந்தது. மேலே எழுதிய 'பால்புதுமையர்' அதில் உள்ள சொல்தான்.

2025 மே மாதம் இன்னொரு வழக்கு. தன் மகளை அவள் தோழி கெடுத்துவிட்டாள் என்று ஒரு தாய் அதே உயர் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டினார். மகள் தோழியோடு போகலாம் என்றனர் நீதிபதிகள். திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்றும் சொன்னார்கள். எல்லாப் பெற்றோரும் லீலா சேத் அல்ல என்றும் குறிப்பிட்டார்கள். 377ஐ எதிர்த்து, மகன் எழுத்தாளர் விக்ரம் சேத்துக்காக வெளிப்படையாக எழுதிய, இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி அவர்.

மாலினியின் படத்தை, லீலா சேத் ஆகாத தாய்மார் இருக்கும் ஊர்களில் போட வேண்டும். பாபநாசத்தில், மன்னார்குடியில், பேராவூரணியில். ஆடி மாதம் கல்யாண மண்டபங்கள் காலியாகத்தான் கிடக்கும்.