ஓடாத வண்டியின் மகிமை

பழைய கார் வாங்க முற்படுகிறவர் கதவைத் திறந்ததும், ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே குனிந்து மீட்டரைப் பார்ப்பதும், அங்கே காணும் எண் சிறியதாயிருந்தால் முகம் மலர்வதும், பெரியதாயிருந்தால் ‘ரொம்ப ஓடிவிட்டதே’ என்று உதட்டைப் பிதுக்குவதும் நம்மிடையே ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டன. அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் போய்வரும் சாதாரண வண்டியின் விஷயத்தில் இந்தச் சடங்கினால் பெரிய அனர்த்தம் எதுவும் விளைவதில்லை. ஆகையால் அதை நான் ஆட்சேபிக்கவும் இல்லை. ஆனால், வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஒரு காரைப் பழையதாக வாங்கி, மற்ற நாட்களில் சாலையிலும், வருஷத்தில் சில நாட்கள் இருங்காட்டுக்கோட்டையிலோ கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலோ உள்ள பந்தயத் தடத்திலும் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவரும் இதே சடங்கைச் செய்து, இதே எண்ணை நம்பி, இதற்காகவே லட்சக்கணக்கில் அதிகப் பணமும் கொடுக்கிறார் என்றால், அது வெறும் வழக்கமல்ல, பணத்தோடு பிராணனையும் பணயம் வைக்கும் மூடநம்பிக்கை என்றே சொல்லவேண்டியிருக்கிறது.

மீட்டர் எதைக் கணக்கிடுகிறது என்று யாரும் நிதானித்து யோசிப்பதாகத் தெரியவில்லை. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதற்குமேல் அதற்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தூரத்தை இன்ஜின் உஷ்ணமாகி நன்றாக இளகிய பிறகு கடந்ததா, குளிர்ந்த நிலையில் கிளப்பிய மறு நிமிஷமே விரட்டப்பட்டுக் கடந்ததா, ஒரே ஆயிலோடு எத்தனை மாதம் நின்றது, எத்தனை மழைக்காலத்தை மூடிய ஷெட்டுக்குள் கழித்தது என்பனவற்றில் ஒன்றைக்கூட அந்த எண் நமக்குச் சொல்வதில்லை. நம் கிராமத்து விவசாயி டிராக்டர் வாங்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை, எத்தனை மணி நேரம் ஓடியது என்றுதான் கேட்கிறார். அதற்கென்றே அந்த யந்திரத்தில் மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் இருக்கிறது. யந்திரத்தின் தேய்மானத்தைப் பற்றி அவருக்கு இருக்கும் விவேகம், அரைக்கோடி ரூபாய்க்குக் கார் தேடுகிற கனவான்களுக்கு ஏன் வாய்க்கவில்லை என்பது எனக்கு விளங்காத புதிர்.

ஒரு கார் கெட்டுப்போவதற்கு ஓட்டம் ஒன்றுதான் காரணம் என்ற எண்ணமே இந்தப் பிரமையின் வேர். காலமும் ஒரு காரணம், அதிலும் வேகக் கார்களுக்குக் காலமே பெரிய காரணம். பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான கார்களில் ஊற்றப்படும் இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தக் காரியம் இரவுபகலாக நடந்துகொண்டேயிருக்கும். டாட் 4 என்னும் தரத்தைச் சேர்ந்த ஆயில், புதியதாயிருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய நிலையில் அதே ஆயிலுக்கு விதி எதிர்பார்க்கும் அளவு 155 டிகிரிதான். சாலையில் இந்த வித்தியாசம் அநேகமாக யாருக்கும் தெரியவே தெரியாது. தடத்திலோ, மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,500 கிலோ எடையுள்ள கார், வளைவுக்கு முன் 72 கிலோமீட்டருக்குக் குறைக்கப்படும்போது, ஐந்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான உஷ்ணம் சில விநாடிகளுக்குள் பிறக்கிறது, அதில் பெரும்பகுதியை நான்கு டிஸ்க்குகள் ஏற்கவேண்டும், அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும், அதற்கடுத்ததும் வந்துவிடும். இப்படி இரண்டு மூன்று சுற்றுகள் ஆனபின் ஈரமேறிய ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டானால், ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது என்ற எளிய நியாயத்தின்படி பெடல் தடையில்லாமல் தரையைத் தொடும், கார் நிற்காது. இப்போது சொல்லுங்கள்: ஆறு வருஷமாக ஷெட்டில் நின்று 8,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரில் ஊற்றியிருப்பது எந்த வருஷத்து ஆயில்? ‘ஓடவே இல்லையே, எதற்கு மாற்றுவது’ என்று சொந்தக்காரர் மாற்றாமலே விட்டிருப்பாரானால், அவருடைய மீட்டரின் சிறிய எண்ணே உங்களுக்கு வந்த ஆபத்தின் மூலகாரணம் ஆகிறது.

டயரும் அப்படியே. பொத்தான் பொத்தானாக ரப்பர் நிற்கும் புத்தம் புது டயரைக் காட்டி, ‘பாருங்கள், கம்பெனி டயர், இன்னும் தேயவே இல்லை’ என்று விற்பவர் பெருமைப்படுவார். அந்த டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் எழுத்துவரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தால் அது பிறந்த வாரமும் வருஷமும் தெரிந்துபோகும். 2317 என்று இருந்தால் 2017-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் இறுகிப்போகும் பொருள். தேயாமலே கிழடு தட்டிய டயர், தேய்ந்த டயரைவிடப் பொல்லாதது. ஏனெனில் தேய்ந்ததைக் கண் காட்டிக்கொடுத்துவிடும், இறுகியதை வளைவின் நடுவில் வண்டி வழுக்கும்போதுதான் அறிவோம். சஸ்பென்ஷன் புஷ்களும், ஹோஸ்களும், ஆயில் சீல்களும் இதே ஜாதி.

இன்ஜினைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனெனில் ‘குறைய ஓடிய இன்ஜின் தேயாத இன்ஜின்’ என்ற சித்தாந்தம் அங்கேதான் அரியாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. வாரம் ஒரு முறை கிளப்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி, முழு உஷ்ணம் அடையும் முன்பே அணைக்கப்படும் இன்ஜினில், எரிந்த வாயுவிலிருந்து உண்டாகும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடுகின்றன. நெடுந்தூரம் ஓடுகிற இன்ஜினில் அவை ஆவியாகிப் போய்விடும். இன்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு, ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச்சேராத அந்தக் குளிர்ந்த முதல் நிமிஷங்களிலேயே நிகழ்கிறது. ஆக, 300 கிலோமீட்டர் பயணம் ஒன்றைவிட மூன்று கிலோமீட்டர் பயணங்கள் நூறு, அதே எண்ணை மீட்டரில் சேர்த்தாலும், யந்திரத்துக்குப் பன்மடங்கு கொடியவை.

1990-களின் பிற்பகுதியில் போர்ஷே கம்பெனி வெளியிட்ட முதல் பாக்ஸ்டரையும், 996 என்ற எண்ணால் அறியப்படும் 911-ஐயும் உலகமெங்கும் பழைய கார் ரசிகர்கள் இன்றும் விரும்பி வாங்குகிறார்கள். அவற்றின் இன்ஜினுக்குள் ஓர் இடைத்தண்டைத் தாங்கும் பெயரிங் உடைந்து இன்ஜினையே நாசமாக்கிவிடும் என்ற பயம் பிரசித்தமானது. அமெரிக்காவில் சொந்தக்காரர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்துச் சமரசத்தில் முடியும் அளவுக்கு அது போயிற்று. அந்த பெயரிங் தனக்குள் அடைக்கப்பட்ட கிரீஸை நம்பி வாழ்வது. காலப்போக்கில் கிரீஸ் கரைந்துபோனால் பிறகு இன்ஜின் ஆயிலே அதற்குக் கதி. அந்த ஆயில் நாட்பட்டு ஈரமும் அமிலமும் கலந்து நிற்குமானால் பெயரிங்கின் ஆயுள் என்னாகும் என்று ஊகிப்பது கடினமல்ல. ஆகவேதான் இந்தக் கார்களிலேயே கைபழகிய மெக்கானிக்குகள் பலர், அடிக்கடி ஓடி அடிக்கடி ஆயில் மாற்றிய வண்டியையே, அலங்காரமாக நின்ற வண்டியைக் காட்டிலும் நம்புகிறார்கள். பெராரி 355 இன்னொரு உதாரணம். அதன் டைமிங் பெல்ட்டைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு இன்ஜினையே காரிலிருந்து இறக்கவேண்டும். ‘மிகக் குறைவாக ஓடியது’ என்று மார்தட்டி விற்கப்படும் ஒரு 355-க்கு அந்த வேலை நடந்ததற்கான ரசீது இல்லாவிட்டால், அந்தச் செலவு வாங்குகிறவர் தலையில் விடியும்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைப்பது தர்மமல்ல. ஓட்டத்தினால் தேய்வன உண்டு, கடுமையான ஓட்டத்தினால் பிளப்பனவும் உண்டு. 2000 முதல் 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்3-இல், பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் வந்து பொருந்தும் இடத்தில் அடித்தகடு விரிசல் விடுவது பிரபலமான வியாதி. ஆனால் இந்த வியாதியைக் கண்டுபிடிக்க மீட்டர் உதவுவதில்லை. நின்ற இடத்திலிருந்து டயர் கதறக் கிளப்புவதையே வீரமாக நினைத்த ஒருவரிடம் இருந்த வண்டி, சில ஆயிரம் கிலோமீட்டரிலும் இந்தச் சோதனைக்கு ஆளாகியிருக்கலாம். லிஃப்ட்டில் ஏற்றி, விளக்கைப் பிடித்துப் பார்ப்பது ஒன்றே வழி. பார்த்துவிட்டால் வெல்டிங் செய்து தகடு போட்டு வலுப்படுத்திக்கொள்ளலாம். ஓட்டத்தின் தேய்மானத்துக்கும் காலத்தின் அழிவுக்கும் உள்ள பேதம் இதுதான்: முன்னது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவது, பெயர் உள்ளது, விலை சொல்லத்தக்கது, பின்னது ஒளிந்திருப்பது.

இந்தக் காலத்துக் கார்கள் தங்கள் சரித்திரத்தைத் தாங்களே எழுதிவைத்துக்கொள்கின்றன என்பதும், அதை வாசிக்கத் தெரிந்தவர் மீட்டரை ஏறெடுத்தும் பார்க்கவேண்டியதில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. போர்ஷே கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டரில், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அனுமதித்த சுழற்சி வேகத்தை எத்தனை முறை மீறியது, கடைசியாக எந்த மணியில் மீறியது என்பன பதிவாகியிருக்கும். 911-இன் 997 ரகத்தில் இந்த மீறல்கள் ஆறு படிகளாகவே பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் கியருக்குப் போகவேண்டிய கை தவறி மூன்றாம் கியரில் போட்டுவிட்ட அந்த ஒரு விநாடி, மேற்படிகளில் அழியாமல் நிற்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9,000 கிலோமீட்டரை 600 மணி நேரத்தில் கடந்த கார் சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் நகர நெரிசலில் முக்கி முனகிய கார்; 60,000 கிலோமீட்டரை 1,000 மணி நேரத்தில் கடந்தது, நெடுஞ்சாலையில் சீராக மூச்சுவிட்ட கார். மீட்டரின்படி முன்னது கன்னிப் பெண், பின்னது கிழவி. யந்திர ஞானத்தின்படி இரண்டுக்கும் வயது வித்தியாசம் அவ்வளவில்லை. ஆரோக்கியத்தில் பின்னது ஒரு படி மேலாகவும் இருக்கக்கூடும்.

மீட்டரே பொய் சொல்லக்கூடும் என்பதை நான் விவாதத்தில் முன்னே வைக்கவில்லை. உண்மையான எண்ணே போதுமான அளவு ஏமாற்றுகிறது என்பதுதான் என் வாதம். ஆயினும், அமெரிக்கா 1972-லேயே மீட்டரைத் திருத்துவதைத் தடுக்கச் சட்டம் இயற்றவேண்டியிருந்தது என்பதும், ஜனங்கள் அந்த எண்ணுக்கு இத்தனை விலை கொடுப்பதால்தான் அதைத் திருத்துவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது என்பதும் கவனிக்கத்தக்கவை.

மீட்டரின் மேல் வைக்கும் நம்பிக்கைக்குத் தங்கை போன்ற இன்னொரு நம்பிக்கை, ‘டிராக் பார்த்த வண்டியைத் தொடாதே’ என்பது. தடத்தில் ஓட்டியதாகச் சொல்லாமலே விற்கப்படும் வண்டிகளைப் பற்றிய அச்சம் நியாயமே. டிஸ்க்கில் உஷ்ணம் ஏறிய நீலநிறமும், காலிப்பரின் வர்ணம் மங்கியிருப்பதும், சக்கர வளைவுக்குள் ஒட்டியிருக்கும் உருகிய ரப்பர்த் துணுக்குகளும் அந்த ரகசியத்தைச் சொல்லிவிடும். ஆனால் ஒளிக்காமல் சொல்லி, ஒவ்வொரு தட ஓட்டத்துக்கும் முன்பும் பின்பும் பிரேக் ஆயிலும் இன்ஜின் ஆயிலும் மாற்றிய ரசீதுகளைக் கட்டாக அடுக்கி வைத்திருக்கும் சொந்தக்காரரின் வண்டி, நீங்கள் எதற்காக வாங்குகிறீர்களோ அந்தப் பரீட்சையில் ஏற்கனவே தேறிய வண்டி. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாட்களில் பியட்டையும் ஹெரால்டையும் விரட்டியவர்கள் அவற்றை எந்த நிலையில் வைத்திருந்தார்கள் என்பதைக் கவனித்தார்களேயன்றி, எவ்வளவு தூரம் ஓடியவை என்பதையா கவனித்திருப்பார்கள்?

‘திரும்ப விற்கும்போது விலை போகுமே’ என்பார்கள். போகும். 2020-இல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 245 போன்ற கார்களில், குறைய ஓடியவற்றுக்குச் சேகரிப்பாளர்கள் மிகுந்த விலை கொடுக்கத் தயங்கமாட்டார்கள். ஆனால் அந்த விலையைக் காப்பாற்ற நீங்களும் அதை ஓட்டாமல் வைத்திருக்கவேண்டும்; இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றை ஒவ்வொரு தடவை முடிக்கும்போதும் உங்கள் மூலதனம் கரைகிறதே என்று வயிற்றைப் பிசைய வேண்டும். ஓட்டுவதற்கு வாங்குகிறவர், ஓட்டாமல் இருப்பதற்குக் கொடுக்கப்படும் விலையை ஏன் கொடுக்கவேண்டும்? அந்த அதிகப் பணத்தில் நான்கு நல்ல டயரும், உஷ்ணம் தாங்கும் பிரேக் பேடுகளும், புது புஷ்களும் வாங்கி, பல நாட்கள் தடத்துக்குப் போகும் கட்டணமும் கட்டலாம். (தடத்தில் நேரும் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியை நம்பாதீர்கள், பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் அதில் இடமில்லை என்று நம் நாட்டுப் பாலிசிகளிலேயே அச்சிட்டிருக்கிறது.)

ஆகவே, வண்டியைப் பார்க்கப் போகிறவர் மீட்டரைக் கடைசியில் பார்க்கட்டும். முதலில் ரசீதுகளைத் தேதிவாரியாக வாசித்து, இரண்டு சர்வீஸ்களுக்கு இடையே எத்தனை மாதம் ஓடிற்று என்று கணக்கிடட்டும். குளிர்ந்த இன்ஜினைத் தம் எதிரிலேயே கிளப்பச் சொல்லட்டும், முன்னமே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருகிறேன் என்று எழுந்து போகட்டும். கம்ப்ரஷன் பரீட்சைக்கும் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்ப்பதற்கும் சம்மதிக்காத விற்பனைக்காரரிடம் விலையே பேசவேண்டாம். வாங்கிய பிறகு, மீட்டர் என்ன சொன்னாலும், தடத்துக்குள் முதல் சுற்றுப் போவதற்கு முன் எல்லா ஆயிலையும் மாற்றிவிட வேண்டும். ‘இது அதிகம் ஓடவே இல்லையே, சார், எதற்கு வீண்செலவு?’ என்று விற்றவர் அப்போதும் கேட்டால், அந்த பிரேக் ஆயில் எந்த மாதம், எந்த வருஷம் ஊற்றியது என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.